வெள்ளையடிக்காத சுவர்

கழுகுமலை ரோட்டைப் பார்த்த எங்கள் வீட்டுச் சுவரில் தேர்தலுக்குத் தேர்தல் கட்சி விளம்பரத்தை நானேதான் எழுதுவேன். சுண்ணாம்பு என்னுடையது, நீலமும் என்னுடையது. இத்தனை வருஷம் கிளைச் செயலாளராக இருந்தும் கட்சிக் காசில் ஒரு டீ குடித்தவனில்லை.

போன பார்லிமென்ட் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றி, "கண்மாயைத் தின்றவனுக்கா ஓட்டு?" என்று ஆள் உயரத்துக்கு எழுதினேன். பிறகு வந்த தேர்தல்களிலும் அதை அழிக்காமல் பக்கத்தில்தான் எழுதினேன். எங்கள் கண்மாய்க் கரம்பை மண்ணை லாரி லாரியாக அள்ளி விற்ற ஆள் அவர். கட்சியில் எல்லாரும் கைதட்டினார்கள். இந்தத் தேர்தலில் அதே ஆள் எங்கள் கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வேட்பாளராகவே வந்து நிற்கிறார். சீ, வெட்கங்கெட்ட பொழைப்பு!

ஒன்றியச் செயலாளர் பைக்கில் வந்து இறங்கினார். அந்த மண் லாரிகளை மறித்து என்னோடு நடுரோட்டில் உட்கார்ந்தவர். போலீஸ் வேனிலும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்.

"அண்ணாச்சி, சுவரை வெள்ளையடிச்சிருங்க. நாளைக்கு வேட்பாளர் இந்தப் பக்கமா வாராவ."

"நான் எழுதுனது பொய்யா?"

"பொய்யின்னு யாரு சொன்னா? இப்போ அவிய நம்ம ஆளு. டெல்லியில எண்ணிக்கை வேணும்லா?"

"அள்ளுன மண்ணைத் திருப்பிக் கொட்டிட்டாராக்கும்?"

அவர் தரையைப் பார்த்தார். "அழிக்கலைன்னா உங்க பொறுப்பை எடுத்துருவாவ அண்ணாச்சி. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

ஊரில் எனக்கிருந்த மரியாதையே அந்தப் பொறுப்புதான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று எதற்கும் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். அது போனால் வலிக்கும். வலிக்கட்டுமே!

"தாராளமா எடுத்துக்கிடச் சொல்லுங்க," என்றேன்.

அவர் போனபின் சுவரைப் பார்த்தேன். வெயிலில் எழுத்து வெளிறிப் போயிருந்தது. நீலத்தைக் கரைத்து, ஏணியைச் சாத்தி, பழைய எழுத்தின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டினேன். என் வீட்டுக்காரி ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள்.

"கூறுகெட்ட மனுசா, விழுந்து கிழுந்து தொலைக்காதீய. அந்தக் கேள்விக்குறியை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க."

மறுநாள் பிரசார வேன் வந்தது. வேட்பாளர் பழக்கத்தில் எங்கள் சுவரைப் பார்த்தும் கும்பிட்டார். படித்ததும் கையை இறக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒன்றியச் செயலாளர் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினார். நான் வாசலைவிட்டு நகரவில்லை.