மாம்பலம் வழி பெத்லகேம்

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிற அல்போன்சா, பல் செய்கிறவள். தி.நகரில் ஒரு டென்டல் லேபில் வேலை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கெல்லாம் அவள்தான் சிமென்ட் போல இறுகும் மாவு ஊற்றி, மெழுகு வைத்து, இழைத்து, பல் வரிசை கட்டித் தருவாள். மயிலாப்பூரில் சிரிக்கிற வாய்களில் பாதி அவள் கைவேலை. மீதிப் பாதி கூடிய சீக்கிரம் அவளிடம் வந்து சேர வேண்டியவை.

வேலை முடிந்ததும் மற்றவர்கள் பஸ் பிடிக்க ஓடுவார்கள். இவள் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி, மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் போய் நிற்பாள். கீழே மின்சார ரயில் வரும், போகும். வெளியூர் வண்டிகள் சில நிற்காமல் தடதடவென்று பாயும். இவள் இஞ்சினின் தலையைப் பார்ப்பாள். கூரையில் எத்தனை பீங்கான் குமிழ், ஏணிக்கு எத்தனை படி, முகப்பு விளக்குக்குக் கீழே என்ன அழுக்கு என்று பார்த்துக்கொண்டு வந்து, வீட்டில் அதையெல்லாம் ஒரு சாண் நீளத்துக்குச் செய்வாள்.

அவளுடைய தம்பி லாய்ட், துபாயிலிருந்து ஒருமுறை வெளிநாட்டுப் பொம்மை ரயில் ஒன்றை வாங்கி வந்தான். நல்ல மோட்டார், நல்ல சக்கரம். மேலே மட்டும் பனிநாட்டு இஞ்சின் உடம்பு. அல்போன்சா அந்த உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பல் ஈறு செய்கிற அக்ரிலிக்கில் நம் ஊர் இஞ்சினை வார்த்தாள். சிவப்பு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. மேலே கம்பியைத் தொடும் கொம்பை, பல்லுக்குக் கிளிப் போடுகிற கம்பியில் வளைத்தாள். பல் இழைக்கும் ஊசியால் ஜன்னல் ஓரத்துத் திருகாணிகளைக்கூடக் குத்தி எடுத்தாள். அத்தனையும் முடிந்து, புது வண்டி போலப் பளபளக்கிறதே என்று முகம் சுளித்து, பழுப்புப் பொடியைக் குழைத்து அடிப்பக்கமெல்லாம் அழுக்குப் பூசினாள்.

"காசு குடுத்து வாங்கினதைக் கழட்டிட்டு, கஷ்டப்பட்டு அழகாக்கிட்டு, இப்ப அழுக்கடிக்கிறியே அல்போ" என்றார் அவள் கணவர் வால்டர். பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஓடற வண்டின்னா அழுக்கா இருக்கும். நிக்கற வண்டிதான் சுத்தமா இருக்கும். உங்களை மாதிரி."

பிறகு ஸ்டேஷன் வந்தது. நடைமேடை, நடைமேம்பாலம், தகரக் கூரை, பாலத்தின்மேல் கூட்டம். கூட்டம் என்றால் சும்மா இல்லை. அரிசி மணி உயரத்தில் துணிப்பை தூக்கிய பெண்களும் தோளில் பிள்ளையை வைத்த அப்பன்களும். ஒவ்வொருவருக்கும் வாயில் முப்பத்திரண்டு பல்லும் வைத்திருக்கிறாள் என்று நான் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். யாரும் பூதக்கண்ணாடி கொண்டுவரவில்லை. அதனால் அது இன்றுவரை உண்மை. ஒருநாள் அந்தப் பாலத்தில் ஒரு கொசு உட்கார்ந்து, பின்னால் வந்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்ததை வால்டரே பார்த்தார்.

எல்லாம் இருந்தும் ஒரே ஒரு குறை. அந்த ரயிலுக்குத் திரும்பி வர வழியில்லை.

ஒரே ஒரு படுக்கையறை வீடு. கூடத்துக் கட்டிலைச் சுவரோடு சாய்த்தால், அவள் தண்டவாளம் பதித்த நான்கு பலகைகளில் இரண்டைத்தான் ஒட்டிப் போட முடியும். மற்ற இரண்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அரை வட்டப் பாதையில் வண்டி ஜன்னல் வரை போகும். அங்கே நிறுத்தி, கரண்ட் பெட்டியின் குமிழை மறுபக்கம் திருகினால், வாலை முன்னால் விட்டுக்கொண்டு பின்வாங்கி வரும். முழு வட்டம் போட்டு, தலை முன்னால் தெரிய அவளை நோக்கி அது ஒருநாளும் வந்ததில்லை. "பலகையைச் சின்னதாக்கு" என்றார் வால்டர். வளைவு இறுகினால் பெட்டிகள் தடம் புரளும். "வீட்டைப் பெருசாக்குங்க" என்றாள் இவள். இரண்டும் நடக்கவில்லை. ஒரு முறையாவது அந்த வண்டி முழுச் சுற்று வரப் பார்க்காமல் விடுவதில்லை என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவள் முடிவு செய்தால், கடைவாய்ப் பல் மாதிரி, அசையாது.

போன நவம்பரில் அன்பியக் கூட்டம் நடந்தது. அன்பியம் என்றால் பங்கில், அதாவது ஒரே மாதா கோயிலைச் சேர்ந்த பகுதியில், பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு. கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு இந்த வருஷம் என்ன செய்வது என்று பேச்சு. கோயில் மண்டபத்து மேடையைக் குடிலுக்குக் கொடுக்கிறோம், ஜனவரியில் மண்டபத்தையே இடித்துக் கட்டப்போகிறோம் என்று பங்குத்தந்தை சொன்னார். அல்போன்சாவின் காதில் 'மேடை' என்ற சொல் மட்டும் மணியடித்தது. நான்கு பலகையும் போட்டு, சுற்றி ஆள் நடக்கவும் இடம் இருக்கும். அடுத்த வருஷம் அந்த மேடையே இருக்காது.

"குடில்ல ரயில் வைக்கலாம்" என்றாள்.

மீன் விற்கிற தேசம்மா முதலில் சிரித்தாள். "இன்னாக்கா சொல்றே? பெத்லகேமுக்கு எலக்ட்ரிக் ட்ரெயினா? மாதா டிக்கெட் எடுத்தாங்களா, இல்ல வித்தவுட்டா?"

"மூணு ராஜாவும் எதுல வந்தாங்க?"

"ஒட்டகத்துல."

"தங்கம் கொண்டாந்தாங்கல்ல? தங்கம் வாங்கணும்னா எங்க வருவாங்க?"

"தி.நகர் வராம எங்க போவாங்க?" என்று தேசம்மாவே சொல்லிவிட்டாள். கூட்டம் சிரித்துக் கலகலத்தது. மாம்பலத்தில் இறங்கி, தங்கம் வாங்கி, மறுபடி ரயிலேறி, பரங்கிமலைக் குகைக்கு ராஜாக்கள் போவதாக அங்கேயே கதை கட்டப்பட்டது.

"பரங்கிமலையில ஏது ரயில் குகை?" என்றார் வால்டர். "ஒரு ஜாகிரபி வாத்தியார் உயிரோட இருக்கும்போதே இந்த அநியாயமா?"

"வண்டி திரும்பறதுக்கு மறைவு வேணும்ங்க. வாயை மூடிட்டு மலையைப் புடிங்க."

பங்குத்தந்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நடுவர்கள் வரும்போது வண்டி மக்கர் பண்ணினால், மொத்தத்தையும் துணியால் மூடிவிட்டு வெறும் குடிலை மட்டும் காட்ட வேண்டும். சரி என்றாள்.

டிசம்பர் நடுவில் பலகைகள் மேடை ஏறின. குகைப் பக்கத்து வளைவில் இரண்டு பலகைகள் சேருமிடத்தில் தண்டவாளத்தைப் பொருத்தி, அதன்மேல் லேபில் பல் அச்சுக்கு ஊற்றுகிற மாவிலேயே மலை கட்டினாள். இந்தப் பக்கம் கடைசித் துண்டுத் தண்டவாளம் மட்டும் பாக்கி. அதற்குள் லேபில் வேலை குவிந்துவிட்டது. கிறிஸ்துமஸ் பிரியாணியைப் புதுப் பல்லால் கடிக்க வேண்டும் என்று ஊரில் உள்ள பொக்கை வாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. "மலையைப் பாத்துக்கோ தம்பி" என்று அன்பியத்துப் பொறுப்பாளன் மிக்கேலிடம் சொல்லிவிட்டுப் போனாள். மிக்கேல் படகில் போகிறவன். சொன்ன சொல்லைத் தட்டாதவன். ஆபத்தே அதில்தான் இருந்தது.

இருபத்து நான்காம் தேதி காலை அவள் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பரங்கிமலை பச்சைப் பசேலென்று இருந்தது. விரல் உயரத்துக்குப் பயிர். காற்றாடிக் காற்றில் அலை அடித்தது. மேய விட்டிருந்தால் ஒரு மாடு பிழைத்திருக்கும்.

"எப்டிக்கா கீது?" மிக்கேலுக்கு முகமெல்லாம் பல். "மலை மொட்டையா இருந்துச்சு. குடில்னா பச்சை வோணாமா? கோணிய நனைச்சுப் போட்டு கேவுரு தூவினேன். காலைல, மத்தியானம், சாய்ங்காலம் தண்ணி தெளிச்சேன். கொயந்த மாரி பாத்துக்கினேன்."

நம் வீடுகளில் குடில் என்றால் கேழ்வரகு முளைக்கத்தான் வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? அல்போன்சா மலையைத் தொட்டாள். அந்த மாவு ஈரத்தை உறிஞ்சும் என்பது அவளுக்குத் தெரியாதா? மலை குடித்த தண்ணீர் முழுக்க அடிப்பலகைக்கு இறங்கியிருந்தது. கடைசித் துண்டுத் தண்டவாளத்தைப் பொருத்தி, குமிழைத் திருகினாள்.

வண்டி மாம்பலத்தை விட்டுக் கிளம்பியது. மேட்டில் ஏறியது. குகைக்குள் நுழைந்தது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பலகைகள் சேருமிடத்தில் மரம் உப்பி, தண்டவாளம் கூன் விழுந்திருந்தது. இஞ்சின் சாய்ந்து சுவரில் முட்டி நின்றது.

மிக்கேலுக்கு விஷயம் புரிந்ததும் முகம் கருத்துவிட்டது. "அக்கா, நானா பண்ணேன்? என்னிய அட்சிடுக்கா."

"அடிச்சா மரம் காயுமா? போய் அந்தக் கோணிய எடு."

பங்குத்தந்தை வந்து பார்த்தார். "அல்போன்சாம்மா, வண்டிய ஸ்டேஷன்லயே நிறுத்தி வெச்சிடுங்க. நின்னாலும் அழகாத்தான் இருக்கு. ஓடணும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் ஃபாதர்."

"சாயங்காலம் ஜட்ஜஸ் வந்துடுவாங்க."

"சாயங்காலம்தானே."

அவ்வளவுதான் பேச்சு. ஆட்டோ பிடித்து லேபுக்குப் போனாள். பல் இழைக்கும் மோட்டாரும், சீக்கிரம் இறுகும் அக்ரிலிக்கும், ஒரு சின்ன டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்தாள். மிக்கேல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மலையின் பின்பக்கத்தைப் பயிரோடு சேர்த்து ஒரு ஜன்னல் அளவுக்கு அறுத்து எடுத்தாள். நடுவர்கள் நிற்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கூன் விழுந்த தண்டவாளத்தை வெட்டி எடுத்தாள். உப்பிய மரத்தை, சொத்தைப் பல்லைக் குடைவது போலக் குடைந்தாள். மோட்டார் 'ஙொய்' என்றது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

தேசம்மா டார்ச் பிடித்தாள். "பல்லு புடுங்கற எடத்துக்கு வந்த மாரியே கீதுக்கா. வாய் கொப்புளிக்கச் சொல்லுவியா?"

"கையை ஆட்டாத தேசம்மா."

வால்டர் மேடைக்கு அடியில் படுத்து, தொங்கிய பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். "அல்போ, இமயமலை இவ்ளோ கனம்னு எந்தப் புக்லயும் போடல."

"பரங்கிமலைதான். அப்படியே புடிங்க."

அக்ரிலிக் ஊற்றி, தண்டவாளத்தை மறுபடி பதித்து, இறுகியதும் வண்டியைக் கையால் தள்ளிப் பார்த்தாள். வளைவில் இன்னும் ஒரு குதி குதித்தது. கண்ணுக்கு மேடு தெரியவில்லை. விரலுக்கும் தட்டுப்படவில்லை. தேசம்மா, "வுடுக்கா, இதுக்கு மேல இன்னா பண்ணுவே?" என்றாள்.

அல்போன்சா அந்தச் சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே நீல மைத்தாள். புதுப் பல் கட்டியதும் வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார்களே, எங்கே உயரமாக இருக்கிறதோ அங்கே மட்டும் நீலம் ஒட்டுமே, அது. தண்டவாளத்தின்மேல் அதை விரித்து, இஞ்சினை அதன்மேல் உருட்டினாள். தாளை எடுத்தாள். வெளித்தண்டவாளத்தில் கடுகு அளவு ஒரே ஒரு நீலப் புள்ளி.

"அங்கதான் இடிக்குது" என்றாள். ஊசியால் ஒரு தொடு தொட்டாள். மறுபடி தாள், மறுபடி உருட்டல். இப்போது ஒரு கோடு முழுக்க ஒரே சீராக நீலம். வாய் சரியாக மூடிவிட்டது.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பங்குத்தந்தை துணியைக் கையில் எடுத்துக்கொண்டே மேடைக்கு வந்தார். இரண்டு கன்னியாஸ்திரிகளும் ஒரு பெரியவரும் படியேறினார்கள். வால்டர் அடியிலிருந்து வெளியே வர நேரமில்லாமல் அங்கேயே கிடந்தார். அல்போன்சா தலையில் கேழ்வரகுப் பயிரோடு போய்க் குமிழுக்கு முன்னால் நின்றாள். வண்டியை வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கவே இல்லை. துணியைப் பார்த்தாள், பங்குத்தந்தையைப் பார்த்தாள், திருகினாள்.

சிவப்பு இஞ்சின் நகர்ந்தது. மூன்று ராஜாக்களும் முதல் பெட்டியில் இருந்தார்கள். நடைமேம்பாலத்துக்கு அடியில் போனது. மேட்டில் ஏறியது. குகைக்குள் நுழைந்து, கடைசிப் பெட்டியும் மறைந்தது.

மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்திருந்தான். அல்போன்சா குகையின் மறுவாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருட்டில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் சுவரில் பட்டு வளைந்தது. அப்புறம் விளக்கு தெரிந்தது. அப்புறம் முகம். அவள் குத்திய திருகாணிகளும், பூசிய அழுக்கும், வளைத்த கொம்புமாக, இஞ்சின் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு, நேராக அவளை நோக்கி வந்தது.

கைதட்டல் எழுந்தது. "ரொம்ப நல்லா இருக்கு, நிறுத்திக்கலாம்" என்றார் நடுவர் பெரியவர். பரிசைப் பற்றி வேறு ஏதோ சொன்னார், இரண்டாவதோ மூன்றாவதோ. அவள் காதில் ஏறவில்லை.

"அல்போன்சாம்மா, பூசைக்கு நேரமாகுது" என்றார் பங்குத்தந்தை.

"அல்போ, என்னைய வெளில எடுங்க யாராவது" என்றார் வால்டர் அடியிலிருந்து.

"இருங்க" என்றாள் அவள், குமிழிலிருந்து கையை எடுக்காமல். "இப்பதான் வந்திருக்கு. இன்னொரு சுத்து போயிட்டு வரட்டும்."