சுற்றாத குமிழ்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் காபிக்காக வந்ததில்லை. கேள்வியோடு வருவார்கள். கழுத்தில் ஒரு கேமராவும் கையில் புதிதாகக் கழுவி வந்த படங்களும் இருக்கும். "ஏனுங்க, ப்ளாஷ் அடிச்சாக் கண்ணெல்லாம் செவப்பா உழுகுதுங்களே, எதனாலீங்க?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். வெயிலுக்கு எதிராக நிறுத்தினால் முகம் ஏன் கருத்துப்போகிறது, பின்னாலிருக்கும் தென்னை மரம் ஏன் மாப்பிள்ளையின் தலையில் முளைத்தது போல விழுகிறது, எந்த லென்ஸ் வாங்கினால் படம் நன்றாக வரும் என்று மதியச் சாப்பாடு வரைக்கும் போகும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவர் என் சித்தப்பா. பம்ப் மோட்டார் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிற வேலை. வாரம் முழுக்க வாயே திறக்காதவர், ஞாயிற்றுக்கிழமை அதற்கும் சேர்த்துப் பேசுவார்.

லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று வருகிறவர்களிடம், "காசைச் செலவு பண்றதுக்கு முன்னால நாலடி முன்னால போய்ப் பாருங்க" என்பார். காலண்டர் அட்டையில் வெட்டிய இரண்டு மூலைகள் வைத்திருந்தார். கொண்டுவந்த படத்தின் மேல் அவற்றை வைத்து, வேண்டாததை மறைத்துக் காட்டுவார். ஒருமுறை ஒருவருடைய மாமனாரையே மறைத்துவிட்டார். மாப்பிள்ளை ஒன்றும் ஆட்சேபம் சொல்லவில்லை, அந்தப் படத்தை அப்படியே வெட்டி பிரேம் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊட்டிக்குக் குடும்பத்தோடு போய்வந்த ஒருவர் அழாத குறையாக வந்தது நன்றாக நினைவிருக்கிறது. ரோல் முழுக்கக் காலி. மூன்று நாள் சுற்றியதில் ஒரு பூச்செடிகூட விழவில்லை. சித்தப்பா அவருடைய கேமராவை வாங்கி, இடது பக்க மூலையில் இருந்த சின்னக் குமிழைக் காட்டினார். ரோலின் நுனி உள்ளே சரியாக மாட்டியிருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் லீவரைத் தள்ளும்போது இந்தக் குமிழ் தானாகச் சுற்றும். சுற்றவில்லை என்றால் ரோல் ஓடவில்லை, நீ வெறும் டப்பாவை அமுக்கிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். பக்கத்தில் நின்ற என்னிடமும், "பாத்துக்கிட்டியா கண்ணு?" என்றார். நான் நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். வாய்ப்பாட்டை விட இது எனக்கு நன்றாக மனதில் நின்றது. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வருஷம் சித்திரையில் என் அத்தைக்கு வரன் வந்தது. அத்தை என்றால் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கடைசித் தங்கை. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மாப்பிள்ளை கோபிசெட்டிபாளையம் பக்கம். வாழைத்தோப்பு, ரைஸ்மில் எல்லாம் இருந்தது. வைகாசியிலேயே முகூர்த்தம் வைக்க வேண்டும், பெண் படித்த வரைக்கும் போதும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. ஜாதகம் பொருந்திவிட்டது, பொண்ணு போட்டோ ஒன்று மட்டும் கொடுத்தால் பெண் பார்க்க நாள் குறித்துவிடுவார்கள் என்று தரகர் சொன்னார். இன்னொரு வீட்டுப் பெண்ணின் படம் ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எங்கள் படத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை தனக்கு இஷ்டமில்லை என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா செய்தித்தாளில் ஒரு பக்கத்தைத் திருப்பினார், அதுதான் பதில். அன்றைக்குச் சாப்பிடும்போது சித்தப்பா, தலையைத் தூக்காமலே, "ஒரு வருசந்தானுங்ணா... பரிச்சை எளுதிட்டாளுன்னா..." என்று இழுத்தார்.

"உனக்குத் தெரிஞ்சது போட்டோப் புடிக்கறது. அதை மட்டும் செய்யி" என்றார் அப்பா. மில்லில் சூப்பர்வைசர். வீட்டிலும் அந்த உத்தியோகத்தை அவர் விட்டதில்லை.

எனக்கு அத்தையின் துக்கம் சுத்தமாகப் பிடிபடவில்லை. இனிமேல் படிக்கவே வேண்டாம் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பேன்.

ஸ்டுடியோவுக்குப் போவது என்ற பேச்சே எழவில்லை. கல்யாணமாகாத பெண்ணின் நெகட்டிவ் அங்கேயே தங்கிவிடும், நாளைக்கு அவர்கள் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிவிட்டால் யார் கேட்பது என்ற பயம் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருந்தது. வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று அப்பா தரகரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை கொல்லைப்புறத்தில் படமெடுப்பது என்று முடிவாயிற்று.

கொடிக்கயிற்றில் அப்பாவின் வேட்டி ஒன்று திரையாகத் தொங்கியது. இன்னொரு வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும், வெயில் அதில் பட்டு அத்தையின் முகத்தில் விழுவதற்காக. அம்மா அத்தையின் தோளில் மடிப்பைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள். அப்பா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அடிக்கொருதரம் வாட்சைப் பார்த்தார்.

சித்தப்பா கேமராவைக் கண்ணில் வைத்தார். "கொஞ்சம் சிரி அம்மணி." அமுக்கினார். லீவரைத் தள்ளினார். என் கண் தானாக அந்தக் குமிழுக்குப் போயிற்று.

சுற்றவில்லை.

நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று அடுத்த தடவைக்குக் காத்திருந்தேன். அமுக்கினார், தள்ளினார். குமிழ் அசையவே இல்லை. அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். சத்தமாகச் சொன்னால் சித்தப்பாவின் மானம் போகும். சொல்லாமல் விட்டால் படம் விழாது, நாளைக்குத் தரகர் வந்து வாசலில் நிற்பார், அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார். அத்தையின் கல்யாணமே என் கையில் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

"சித்தப்பா..." என்றேன் மெதுவாக. "குமிழ்..."

"துணியத் தூக்கிப் புடி கண்ணு!" என்றார் சித்தப்பா. அப்படி ஒரு வெடுக்கென்ற குரலை அவரிடம் அதுவரை நான் கேட்டதில்லை.

"என்னவாமா?" என்று அப்பா நிமிர்ந்தார்.

"கை வலிக்குதாமாங்ணா."

கை வலிக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், நான் வேட்டியைப் பார்த்தேன். சித்தப்பா அத்தையை ஒருக்களித்து நிற்கச் சொன்னார், முகத்தைக் கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னார், கிட்டே போனார், தள்ளி வந்தார். "சிரி அம்மணி... ஒரே ஒருக்காச் சிரியேன்" என்று திரும்பத் திரும்பக் கெஞ்சினார். ரோல் ஓடாத கேமராவுக்கு எதற்கு இவ்வளவு சிரிப்பு என்று எனக்கு அழுகை வந்தது. முப்பத்தாறு படமும் அப்படியே முடிந்தது. சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பி, பின்மூடியைத் திறந்து ரோலை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு மூடினார். அப்பா திருப்தியாக எழுந்து மில்லுக்குக் கிளம்பினார்.

அப்பா போனதும் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அது சுத்தவே இல்லீங்க சித்தப்பா. நான் பாத்தனுங்க."

அவர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார். "யாரு கேட்டாலும் சொல்லிப்போடாதே சாமி. ஒங்கொப்பன் கேட்டாலுஞ் செரி."

எவ்வளவு பெரிய கோழை என்று நினைத்தேன். தப்பைச் செய்துவிட்டு, திருத்திக்கொள்ள நேரம் இருந்தும் திருத்தாமல், பெரிய நிபுணர் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ள என்னையும் பொய்க்குக் கூட்டுச் சேர்க்கிறாரே என்று அவர்மேல் வெறுப்பாக இருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ராகிக்களியா குடுத்தோம், இப்படி முழிக்கிறாய் என்று அம்மா திட்டினாள்.

வெள்ளிக்கிழமை, லேபில் கழுவக் கொடுத்த படங்களை வாங்கிவர வேண்டிய சித்தப்பா கம்பெனியிலிருந்து வரத் தாமதமாயிற்று. தரகர் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா பொறுக்கமாட்டாமல் ஸ்கூட்டரை எடுத்தார், வழித்துணைக்கு என்னையும் முன்னால் நிற்கவைத்துக்கொண்டார். காந்திபுரத்தில் இருந்த கலர் லேபுக்கு அரைமணி நேரம். "படமெல்லாம் நல்லா வந்திருக்குமா கண்ணு?" என்று என் தலைக்கு மேலிருந்து கேட்டார். அப்பா அவ்வளவு சந்தோஷமாகப் பேசுவது அபூர்வம். ஸ்கூட்டர் சத்தத்தில் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன்.

லேபில் இருந்த பையன் கவரை எடுத்தான், பிரித்தான், நெகட்டிவை நீட்டினான். "இதுல ஒண்ணுமே உழுகலீங்க. உள்ள ரோலே ஓடலீங்களாட்டம் இருக்குது."

அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெறும் பழுப்பு. திருப்பியும் பார்த்தார். சுருளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். முன்னால் நின்றுகொண்டு வந்த எனக்கு, ஸ்கூட்டர் எங்காவது பஞ்சராகாதா என்றிருந்தது.

வீட்டில் தரகர் எழுந்து நின்று கையை நீட்டினார். அப்பா சுருளை அவர் முன்னால் போட்டார். தரகர் அதைத் தொடக்கூட இல்லை. "ஏனுங்க, நல்ல காரியத்துல மொதல் காலடியே இப்புடி ஆயிப்போச்சுங்களே" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கக் கிளம்பும்போது கவுளி, பல்லிதான், எந்தப் பக்கம் கத்துகிறது என்று கேட்டு, பிறகுதான் செருப்பில் கால் நுழைப்பார்கள். கவுளிக்கே அப்படியென்றால் காலியாக வந்த ரோலுக்கு எப்படி இருக்கும்! சேதி கோபிக்குப் போயிற்று. படமே விழாத பொண்ணு நமக்கெதற்கு என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னதாகத் திரும்பி வந்தது.

அதைக் கேட்டதும் அப்பா, "என்ற பொறந்தவள அப்புடிப் பேசற ஊட்டுக்கு நானே குடுக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டார். வைகாசி முகூர்த்தம் அதோடு போயிற்று. ஆனால் அந்தச் சொல் போகவில்லை. தெருவில் ஒன்றிரண்டு பேர் அத்தையை அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மா அதற்காக அழுதாள்.

அப்போது சித்தப்பா செய்ததுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று என் வாயை அடைத்தவர், தானே ஊரெல்லாம் போய்ச் சொன்னார். தரகர் வீட்டுக்குப் போய், "எனக்கு ரோலு மாட்டத் தெரியலீங்க, பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க" என்றார். மளிகைக் கடையில் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களிடம், அவர்கள் கேள்வி கேட்பதற்கு முன்பே சொன்னார். ஊட்டிக்குப் போய்வந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கொஞ்ச நாளில் பெண்ணின் கதை மறந்து, ரோல் மாட்டத் தெரியாத ஆளின் கதைதான் எங்கள் சிங்காநல்லூர் முழுக்க நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். அத்தை படிப்பை முடித்து, வேலைக்குப் போய், அவளுக்குப் பிடித்த இடத்தில் கல்யாணம் ஆனபோது, அப்பா வெளியிலிருந்து ஆள் வைத்தார். "அவங்கிட்ட மட்டும் கேமராவக் குடுத்துப் போடாதீங்க" என்று மண்டபத்திலேயே சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, பந்தியில் ரசம் ஊற்றப் போனார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

காலேஜில் படிக்கும்போது நானே ஒரு பழைய கேமரா வாங்கினேன். முதல் ரோல் முடிந்ததும் அதைச் சுருட்டி உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. அந்தக் குமிழைத் திருகும்போது ரோல் இழுபட்டு வருவது விரலுக்குத் தெரிகிறது, கடைசியில் நுனி விடுபட்டால் குமிழ் சட்டென்று லேசாகிவிடுகிறது. இது கற்றுக்குட்டியான எனக்கே தெரிந்தது. அன்று சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பியதும், எதையும் சுருட்டாமல் நேராக மூடியைத் திறந்ததும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுருட்ட ஒன்றும் இல்லை என்பது அவருக்கு முன்னாலேயே தெரியும்.

சித்தப்பா அதற்குள் தனிக்குடித்தனம் போயிருந்தார், அடுத்த பஸ்ஸில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "வேணும்னேதானுங்களே சித்தப்பா?"

வெகுநேரம் சிரித்தார். அத்தைக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றார். அப்படியானால் வெறும் கேமராவை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் ஏன் அவளைப் பாடாய்ப் படுத்தினீர்கள், நாலு படத்தோடு முடித்திருக்கலாமே என்றேன்.

"நானாப் பாத்து முடிவு பண்ணிப்போட்டா ஒங்கொப்பனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசங் கண்ணு? அவ மனசுல என்ன இருக்குதுன்னு பாக்கோணுமல்ல. ஒரே ஒருக்கா அவ நெசமாச் சிரிச்சிருந்தாலும், ரோல ஒழுங்கா மாட்டி எடுத்துக் குடுத்திருப்பேன்."

அத்தைக்கு நேர் எதிரே, அவ்வளவு நேரம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அவள் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.