தொடாத தண்ணீர்

பிரான்சில் எங்கள் அலுவலக உணவகத்தில் நான் தண்ணீர் குடித்தால் பக்கத்து மேசை வரை திரும்பிப் பார்க்கும். கண்ணாடி டம்ளரை உயர்த்தி, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வேன். டம்ளர் அழுக்கு என்று நினைத்து எங்கள் குழுத் தலைவர் மத்தியூ ஒருநாள் அதைத் தானே கழுவிக் கொண்டுவந்து வைத்தார். அப்போதும் அண்ணாந்துதான் குடித்தேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது.

நான் காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டுப் பக்கம் வளர்ந்தவள். அம்மா கட்டட வேலைக்குப் போனவர். பள்ளித்தோழி வசந்தா வீட்டுக்குப் படிக்கப் போகும்போதெல்லாம் சொல்லி அனுப்புவார்: “வாய வெச்சிக் குடிக்காதம்மா. நம்மள ஒரு வார்த்தை சொல்ல அவங்களுக்கு எடம் குடுக்காத.” அந்த வீட்டு ஜன்னலில் எனக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது. நான் ஒருமுறைகூட வாய் வைக்கவில்லை; ஆனாலும் அது ஜன்னலை விட்டு உள்ளே போகவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

இங்கே என் வேலை அணுப்பிணைவு உலையின் சுவரைக் குளிர்விப்பது. சூரியனுக்குள் நடப்பதை ஒரு கலத்துக்குள் நடத்திப் பார்க்கிறோம். அந்தச் சூட்டைத் தாங்க, சுவருக்குள் குழாய்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். சூடு எல்லை மீறினால் குழாயின் உட்புறத்தில் நீராவி படலமாக மூடிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுமே, அதேதான். தண்ணீர் பக்கத்திலேயே ஓடும், சுவரைத் தொடாது. சுவர் உருகிவிடும்.

குழாய்க்குள் முறுக்கிய உலோகப் பட்டை ஒன்றைச் செருகினால் தண்ணீர் சுழன்று சுவரில் மோதும் என்றேன். பம்புக்குச் சுமை கூடும், வெறும் குழாயே போதும் என்றார் மத்தியூ. கூட்டத்துக்குக் கூட்டம் என் கணக்கை ஒதுக்கினார்கள். கடைசியில், வெறும் குழாய்க்கு என் கையெழுத்துக் கிடையாது என்று எழுந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

“தொடாமல் ஓடுகிற தண்ணீர் யாரையும் காப்பாற்றாது. எனக்கு இது சின்ன வயதிலேயே தெரியும்” என்றேன். இந்தியாவில் ஏதோ பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள். இரண்டையும் சோதித்துப் பார்க்க மட்டும் சம்மதித்தார்கள்.

சோதனையில் வெறும் குழாய் பொத்துக்கொண்டது. என்னுடையது தாங்கி நின்றது.

போன விடுமுறையில் வசந்தா வீட்டுக்குப் போனேன். பிரான்சிலிருந்து வந்தவள் என்று அவள் அம்மா வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். நன்றாக வாய் வைத்து, நிதானமாகக் குடித்தேன். காலி டம்ளரை நானே சமையலறைக்குள் கொண்டுபோய் அவர்கள் பாத்திரங்களோடு வைத்தேன்.

இங்கே திரும்பியதும் மறுபடி அண்ணாந்துதான் குடிக்கிறேன். மத்தியூ இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அங்கே வாய் வைப்பேன், இங்கே வைக்க மாட்டேன். என் டம்ளர் எங்கே இருக்க வேண்டும் என்று எந்த ஊரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.