மோட்டார் நின்ற காலை

போன வருடம் ஜூன் மாதம். டெல்லியில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில், நான்கு குடும்பங்கள் இருக்கும் ஒரு கட்டடத்தில் முதல் மாடி எங்களுடையது. காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அது தரைத்தொட்டியில் நிரம்பும். அங்கிருந்து ஒரு மோட்டார் மொட்டை மாடி டேங்குக்கு ஏற்றும். மேலே தண்ணீர் குறைந்தால் தானாக ஓடும், கீழே தொட்டி காலியானால் தானாக நிற்கும்.

அன்று நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து மனைவி, "ஏங்க, குழாய்ல காத்துதான் வருது. மோட்டார் ஓடுதான்னு போய்ப் பாருங்க" என்றாள்.

இறங்கிப் போனேன். மோட்டார் ஓடவில்லை. ஃபியூஸ் போயிருக்கும் என்று பார்த்தேன், சரியாக இருந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. புறங்கையால் தொட்டுப் பார்த்தால் நல்ல சூடு. அப்படியென்றால் வெகுநேரம் ஓடிவிட்டுத்தான் நின்றிருக்கிறது. மெக்கானிக்குக்கு போன் செய்தேன், மதியத்துக்கு மேல்தான் வர முடியும் என்றார்.

இரண்டாம் மாடியில் இருக்கும் பஞ்சாபிக்காரரும் வந்துவிட்டார். இருவருமாகத் தொட்டி மூடியைத் தூக்கினோம். அடியில் சேறுதான் தெரிந்தது. விடியற்காலை நிரம்பிய தொட்டி அது. அவர் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "பாய் சாப், ஊப்பர் பீ காலி!" மேலேயும் காலியாம்.

மோட்டாரில் பழுதில்லை. ஏற்றுவதற்குத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். அத்தனை தண்ணீரும் எங்கே போனது?

கட்டடத்தின் பின்பக்கம் போனேன். தரைத்தளத்துக் குளியலறையிலிருந்து சாக்கடைக்கு வரும் குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஓர் ஆன்ட்டி தனியாக இருந்தார். படியில் பார்த்தால் ஒரு நமஸ்தே, அதற்குமேல் பேசியதில்லை. குழாயைத் திறந்து போட்டுவிட்டு எங்கோ போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். இந்த வெயிலில் நான்கு வீட்டுத் தண்ணீரையும் இப்படியா விடுவது என்று கோபம் வந்தது. என்ன கேட்பது என்று மனதுக்குள் இந்தியில் வாக்கியம்கூடத் தயார் செய்தேன்.

அதற்குள் ஒழுகல் மெலிந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றது. அப்போதுதான் கேட்டது. தரையில் எதையோ தட்டும் சத்தம். விட்டு விட்டு வந்தது. வென்டிலேட்டர் அருகில் காதை வைத்து, "ஆன்ட்டி!" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது.

முன்கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. பின்கட்டில் கொசுவலைக் கதவு மட்டும் தாழிட்டிருந்தது. பஞ்சாபிக்காரர் சாவி முனையால் வலையைக் கிழித்துக் கையை விட்டுத் தாழைத் திறந்தார்.

ஆன்ட்டி குளியலறைத் தரையில் கிடந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் மக். அதைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். உடம்பு முழுக்க நனைந்து நடுங்கியது. விடியற்காலையில் வாளி நிரப்பக் குழாயைத் திறந்தவர் வழுக்கி விழுந்திருக்கிறார். எழவும் முடியவில்லை, குழாய் எட்டவும் இல்லை. தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறார். தண்ணீர் விழுந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பேட்டா, நல் பந்த் கர் தோ." குழாயை மூடச் சொல்கிறார். எல்லாருடைய தண்ணீரும் போய்விடுமாம். குழாய் ஏற்கெனவே வறண்டிருந்தது. இருந்தாலும் மூடினேன்.

மனைவி ஓடிவந்து போர்வை போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் ஆனது. இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். அவர் வீட்டின் இன்னொரு சாவி எங்களிடம் இருக்கிறது. தினமும் காலையில் மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள்.

அன்று மோட்டார் நிற்காமல் இருந்திருந்தால் நான் வழக்கம்போல ஆபீஸ் போயிருப்பேன். இப்போதெல்லாம் எங்காவது குழாய் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டால், தண்ணீரை யார் வீணாக்குகிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், உள்ளே இருப்பவர் நன்றாக இருக்கிறாரா என்றுதான் குரல் கொடுக்கிறேன்.