காகித மாட்டின் ஐந்தாவது கால்

தொண்ணூற்றெட்டில் நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊரின் கால்நடை மருந்தகத்தில் உதவியாளனாக இருந்தேன். மாட்டைப் பிடிப்பது, மருந்து கலப்பது, பதிவேடு எழுதுவது, இவைதான் வேலை. ஊரார் என்னைக் கம்பவுண்டர் என்றார்கள். அவ்வப்போது மதுரைக்குப் போய் ஐஸ் பெட்டியில் தடுப்பூசி மருந்து வாங்கி வருவதும் என் பொறுப்பு. அப்படிப் போன ஒரு நாள், பஸ் ஏறும் முன் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஓரிகாமிப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். ஆங்கிலப் புத்தகம். என் ஆங்கிலம் மருந்துப் பாட்டிலின் லேபிளைத் தாண்டாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தது. ஒரே ஒரு சதுரத் தாள், கத்தரிக்கக் கூடாது, ஒட்டக் கூடாது, மடிக்க மட்டும்தான் வேண்டும் என்பது படத்திலேயே தெரிந்தது. வாங்கிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடியின் மேல் ஒரு கொக்கை மடிக்க ஆரம்பித்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் வளைவுகளில் பஸ் எப்படி ஆடும் என்பது போனவர்களுக்குத் தெரியும். தேனி வந்தபோது என் கொக்கின் இரண்டு இறக்கைகளும் ஒரே பக்கத்தில் இருந்தன. பக்கத்து இருக்கைக்காரர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, ராக்கெட்டா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதத்தில் புத்தகத்திலிருந்த தவளை, மீன், படகு எல்லாம் எனக்குக் கைவந்துவிட்டன. கடைசியில் இருந்தது குதிரை. அதன் இருபத்திரண்டாவது படத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் பக்கங்களைக் காணோம். யாரோ கிழித்திருந்தார்கள். இருபத்திரண்டாவது படத்தில் இருந்தது குதிரை அல்ல. நசுங்கிய கூடாரம் மாதிரி ஒன்று. அதிலிருந்து குதிரைக்குப் போகும் வழி எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை. கேரள எல்லை வரைக்கும் ஓரிகாமி தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்று நிச்சயமாக நம்பினேன். மீதியை நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

நான்கு மாதம் ஆயிற்று. ஒரு தாளுக்கு நாலு மூலைதான். நாலையும் காலுக்குக் கொடுத்துவிட்டால் தலைக்கும் வாலுக்கும் விளிம்பிலிருந்தும் நடுவிலிருந்தும்தான் காகிதத்தை இழுத்துக்கொண்டு வர வேண்டும். இழுத்தேன். செய்தித்தாள் கிழிந்தது. நோட்டுத் தாள் மூன்றாவது மடிப்பிலேயே தடித்துப்போய் நின்றது. பரிசுப் பொருள் சுற்றும் பளபளத் தாள், மடித்த இடத்தில் எல்லாம் வெள்ளையாக வெடித்தது. ஒருவழியாகக் கால்கள் வந்தன, கழுத்து வந்தது. ஆனால் தலையில் இரண்டு கூர்முனைகள் துருத்திக்கொண்டு நின்றன. எவ்வளவு அமுக்கினாலும் உள்ளே போகவில்லை. குதிரைக்குக் கொம்பில்லை. ஆகவே இது மாடு என்று அறிவித்தேன். என் முதல் சொந்தப் படைப்பு அப்படித்தான் பிறந்தது.

அறிவித்தது என் மனைவியிடம். அவள் வீட்டில் ரவிக்கை தைப்பாள். ஊரில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம். தையல் மிஷினை நிறுத்திவிட்டு மாட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொம்பு சரிதாங்க. அடியில அஞ்சாவதா ஒண்ணு தொங்குதே, அது என்ன?"

அதை நான் கவனிக்காமல் இல்லை. நாலு காலுக்கும் போக ஒரு முனை மிச்சமாகி, முன்னங்கால்களுக்கு நடுவே தொங்கியது. உள்ளே திணித்தால் வயிறு பிளந்துகொண்டது. பிளப்பைச் சரி செய்தால் அது மறுபடி வெளியே எட்டிப் பார்த்தது. அவளிடம் சட்டென்று, மடி என்று சொல்லிவிட்டேன். பசுமாடு.

அந்தத் தைரியத்தில் மறுநாள் மருந்தகத்துக்கும் கொண்டு போனேன். எங்கள் டாக்டரம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிட ஐந்து வயது இளையவர், அதிகம் சிரிக்காதவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிஜ மாட்டைப் பார்க்கிற அதே முறையில், தலையிலிருந்து ஆரம்பித்து வால் வரை பார்த்தார்.

"மடி முன்னங்காலுக்கு நடுவுல இருக்கு. இப்படி ஒரு மாடு வந்தா நான் வைத்தியம் பார்க்க மாட்டேன். போட்டோ எடுத்துக் காலேஜுக்கு அனுப்பிடுவேன்."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் தாளைத் தொடவில்லை. மனைவிக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் மதியம், ஊக்கு வைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஓரமாகப் போட்டுவிட்டு மாட்டைக் கையில் எடுத்தாள். துணி மிஞ்சினால் அதை ஒளிக்கப் பார்க்கக் கூடாது, மிஞ்சினது வேண்டும் என்றே வைத்தது போலத் தைத்துவிட வேண்டும் என்றாள். அந்த ஐந்தாவது காலைப் பிடித்து முன்னால் இழுத்து, கழுத்தோடு ஒட்டி, நகத்தால் ஒரு கீறு கீறினாள். அலைதாடி. மாட்டின் கழுத்துக்குக் கீழே தொங்குமே, அது. அச்சாக அப்படியே வந்துவிட்டது. நாலு மாதம் பாடுபட்டவன் நான், கண்டுபிடித்தவள் அவள் என்பதை வெளியே யாரிடமும் நான் சொல்லவில்லை. வந்தவர் போனவரிடம் எல்லாம் அவளே சொல்லிவிட்டாள்.

அடுத்து வந்தது காகிதப் பிரச்சினை. தேடித் தேடிக் கடைசியில் கண்டது, எங்கள் துறையின் சுற்றறிக்கைகள் வரும் நகல் தாள்தான். கார்பன் வைத்து அடிக்கும் மெல்லிய தாள். எத்தனை மடிப்புக்கும் தாங்கும். எப்போதும் இரண்டு நகல் வரும். ஒன்று ஃபைலுக்குப் போகும், மற்றது பழசானதும் எனக்கு. டாக்டரம்மாவின் சம்மதத்தோடுதான். அப்படிச் செய்த ஒரு காளை மருந்து பீரோவின் மேல் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தபோது, ஆய்வுக்கு மேலதிகாரி வந்தார்.

எல்லாப் பதிவேடும் சரியாக இருந்தது. டாக்டரம்மாவின் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்த நேரத்தில் அவர் கோமாரித் தடுப்பூசி பற்றிய சுற்றறிக்கையைக் கேட்டார். ஃபைலில் இல்லை. அந்த ஒரு தடவை மட்டும் ஒரே நகல்தான் வந்திருக்கிறது. எனக்கு அது தெரியாது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் பீரோவைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் காளையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"நான் கேட்டது சுற்றறிக்கை," என்றார் அவர்.

"இது சுற்றறிக்கைதான் சார்."

அவர் குனிந்து பார்த்தார். காளையின் விலாவில் 'அனைத்து மருந்தகங்களுக்கும்' என்ற வரி ஓடியது. பிரிக்கச் சொன்னார். வால் போயிற்று, கொம்பு போயிற்று, ஒவ்வொரு காலாகப் போயிற்று. ஐந்து நிமிடத்தில் காளை சுருக்கம் விழுந்த ஒரு தாளாகி மேஜையில் கிடந்தது. அவர் அதை முழுக்கப் படித்தார். கொம்பு இருந்த இடத்தில் ஒரு வார்த்தை அழிந்திருந்தது. அது என்ன என்று கேட்டார். 'உடனடியாக' என்று டாக்டரம்மா மெல்லச் சொன்னார்.

இனி திட்டு விழும் என்று நான் கைகட்டி நின்றேன். அவரோ தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மடிப்புத் தடத்திலேயே திரும்ப மடிக்கப் பார்த்தார். அதுதான் தடம் இருக்கிறதே, இதில் என்ன கஷ்டம் என்று நினைத்திருப்பார். அரை மணி நேரம் போயிற்று. வெளியே ஆடுகள் கத்தின. டிரைவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உதவி செய்யட்டுமா என்று கேட்கவும் எனக்குப் பயம். கடைசியில் அவர் தாளை என்னிடம் தள்ளினார்.

"நீங்களே மடிங்க."

மடித்தேன். சுற்றறிக்கையின் கீழே இருந்த கையெழுத்து, சூடு போட்ட அடையாளம் மாதிரி சரியாகக் காளையின் தொடையில் வந்து உட்கார்ந்தது. அது அவருடைய கையெழுத்துதான். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. காளையை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே நிறுத்தி வைத்தார். ஜீப் உத்தமபாளையம் சாலையில் திரும்பும்வரை நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம்.

மூன்று வாரம் கழித்து அதே அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. மேற்படி சுற்றறிக்கை ஃபைலில் இல்லாததற்கு விளக்கம் வேண்டும் என்று. 'மேற்படி சுற்றறிக்கை காளை வடிவில் தங்களால் எடுத்துச் செல்லப்பட்டது' என்று நான் பதில் எழுதினேன். டாக்டரம்மா காளையை அடித்துவிட்டு, 'ஆய்வின்போது தங்களிடம் நேரில் ஒப்படைக்கப்பட்டது' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பதில் வரவில்லை. தபாலில் அந்தச் சுற்றறிக்கையின் இரண்டு புது நகல்கள் மட்டும் வந்தன. ஒன்றை யாரோ ஸ்கேல் வைத்துச் சதுரமாக வெட்டியிருந்தார்கள்.

அதன்பிறகு எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. மாடு முடிந்துவிட்டது, அடுத்து யானைதான் என்று பேசிக்கொண்டு திரிந்தேன். அப்போதுதான் வருசநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். மலைமாடு மேய்க்கிற குடும்பம். உறவுக்காரர் வீட்டுக்கு வந்த இடத்தில், தன் மாடுகளுக்குப் பூச்சி மருந்து வாங்கிப் போக நுழைந்திருந்தார். டாக்டரம்மா உள்ளே ஒரு கன்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் மருந்தை எண்ணிக்கொண்டிருக்கையில் அந்தப் பெண் மேஜை மேலிருந்த மாட்டை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தினார். என்ன இது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"கம்பவுண்டரண்ணே, இந்த மாடு நொண்டுதே. பின்னங்கால் இடது."

உள்ளேயிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார்.

"தெரியலம்மா, இங்கன வந்துதான் பாக்குறேன்," என்றார் இவர்.

"சரி, உள்ள பிடிச்சிட்டு வாங்க."

அவரும் தயங்காமல் பிடித்துக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன். கட்டுத்துணியும் கையுமாக நிமிர்ந்த டாக்டரம்மா, நீட்டிய உள்ளங்கையையும் அதில் நின்ற மாட்டையும் பார்த்தார். அவரோடு வேலை பார்த்த ஆறு வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கன்றுக்குட்டி மிரண்டு கட்டை உதறிவிட்டது.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. மலையில் ஏறும் மாடு பின்னங்காலை நேராக ஊன்றினால் சரிவில் உருண்டுவிடும், கொஞ்சம் மடங்கித்தான் இருக்கும், அதிலும் இடது கால் குட்டையாக இருக்கிறது என்று எனக்கு நிதானமாக விளக்கிவிட்டு, மருந்தை வாங்கிக்கொண்டு போனார்.

அளந்து பார்த்தேன். குட்டையாகத்தான் இருந்தது, ஒரு நூல் அளவுக்கு. ஏழாவது மடிப்பிலேயே நான் தாளைச் சரியாகப் பாதியாக்கியிருக்கவில்லை. இத்தனை நாளும் ஒரு நொண்டி மாட்டைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டில் போய்ச் சொன்னபோது, மனைவி அளவு நாடாவை எடுத்து என் முன்னால் போட்டாள். யானையை ஒத்திவைத்துவிட்டு, மாட்டை முதல் மடிப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.