பெரியவர்கிட்ட குடுக்கறேனுங்க

எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோப்பில், கெடா விருந்துக்குச் சமைக்க வந்த மாஸ்டர் ஒருவர் அடுப்படியிலேயே சுருண்டு விழுந்தார். அவரைக் காப்பாற்றச் சொல்லி எங்கள் மையத்துக்கு வந்த போன் மூன்று முறை கை மாறியது. அதில் இரண்டு முறை மாறியதற்கு நான்தான் காரணம். அப்போது நான் அங்கே பயிற்சியாளர். இந்த வேலைக்கு வரப்போகிறவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கலாம்.

1. எல்கேஜி மிஸ்

ஆம்புலன்ஸில் டெக்னீஷியனாகப் பல வருடம் ஓடி இடுப்பு போன பிறகு, அஸ்தம்பட்டியில் இருந்த ஓர் அவசர அழைப்பு மையத்தில் பயிற்சி கொடுக்க என்னைப் போட்டார்கள். யாராவது இதயம் நின்று விழுந்தால், ஆம்புலன்ஸ் போய்ச் சேரும் வரைக்கும் பக்கத்தில் இருப்பவரைக் கொண்டு போனிலேயே சிபிஆர் செய்ய வைக்க வேண்டும். நெஞ்சை அமுக்கிப் பழக்கமில்லாத ஆளின் கைகளை நாம் இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேலை வாங்க வேண்டும். அதற்கு, அழைப்பை எடுத்துப் பேசும் கால் டேக்கர்களைத் தயார்செய்வது என் பொறுப்பு.

அந்த பேட்ச்சில் கலைச்செல்வி என்று ஒரு பெண். திருச்செங்கோட்டில் எல்கேஜி மிஸ்ஸாக இருந்தவர். மாக் கால் என்கிற ஒத்திகை அழைப்பில், விழுந்தவரின் மகனாக நான் நடிப்பேன். நான் அலறினால் அவர், "அழுவக் கூடாது சாமி. எங்க, ரெண்டு கையையும் காட்டுங்க பார்க்கலாம்" என்பார். போனில் எப்படிம்மா கையைக் காட்டுவது? பயிற்சிப் பொம்மையின் நெஞ்சை அமுக்கினால், "வெரி குட்! இன்னும் ஜோரா!" என்பார். ஒருநாள் பழக்க தோஷத்தில், "முடிச்சவங்க தண்ணி குடிச்சிட்டு வந்து உக்காருங்க" என்றும் சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"இது நர்சரி ஸ்கூல் இல்லம்மா. கம்பீரமாப் பேசணும். பேசறது ஒரு ஆபீசர்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றேன்.

"சரிங்க சார்" என்றார். மறுநாளும் சாமிதான்.

2. குழம்பு

அந்த போன் கால் முற்பகலில் வந்தது. நிஜக் கால் எடுப்பதில் கலைச்செல்விக்கு அது முதல் வாரம். நான் பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். தேவைப்பட்டால் பட்டனை அமுக்கி நானே பேசலாம்.

"ஏனுங்க, எங்க மாஸ்டர் உழுந்துட்டாருங்க!"

வெங்காயம் உரிக்க வந்த ராசாத்தி என்ற பெண். கலைச்செல்வி இடத்தைக் கேட்டு வாங்கி ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டார்.

"கூப்பிட்டா முழிக்கிறாரா சாமி? மூச்சு விடறாரா?"

"முழிக்கலீங்க. ஆனா கொரட்டை விடறாருங்க. எப்பவாச்சும் ஒண்ணு விடறாரு."

இதயம் நின்றவருக்கு அப்படித்தான் இழுக்கும். அது மூச்சு இல்லை. கலைச்செல்வி அதைச் சரியாகப் பிடித்துவிட்டார். "அது கொரட்டை இல்லீங்க. உடனே நெஞ்சை அமுத்தோணும். நான் சொல்லித் தாரேன்" என்றார்.

"ஐயோ, எனக்கு என்னங்க தெரியும்? இருங்க, விருந்துக்காரர்கிட்ட குடுக்கறேனுங்க."

விருந்துக்காரர் வந்ததும், "அம்மணி, நீங்க எந்த ஊருங்க?" என்று விசாரித்தார். சோடா தெளித்தாயிற்று, வெங்காயத்தை மூக்கில் வைத்தாயிற்று, சாவிக் கொத்தைக் கையில் கொடுத்தாயிற்று என்று ஒப்பித்தார். பின்னால் யாரோ, "மாமா, கொழம்பு அடிபுடிக்குது, என்ன பண்றது?" என்று கேட்க, அவர் அதற்குப் பதில் சொல்லப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பட்டனை அமுக்கினேன். "வணக்கம். நான் அவசர அழைப்பு மையத்தின் தலைமைப் பயிற்சியாளர் அன்வர் பேசுகிறேன். பாதிக்கப்பட்டவரின் மார்பின் மையப் பகுதியில்..."

விருந்துக்காரர் குரலில் மரியாதை ஏறிவிட்டது. "டேய், பெரிய ஆபீசருடா! சித்த இருங்க சார், எங்க பெரியப்பாகிட்ட குடுக்கறேன்."

பெரியப்பாவுக்குக் காது மந்தம். பெயரையும் பதவியையும் மறுபடி ஒருமுறை, முன்னைவிடக் கம்பீரமாகச் சொன்னேன். "அட, ஆபீசருங்களா! எங்கிட்டப் பேசி என்னங்க ஆகப் போவுது? தலைவர் பந்தியில இருக்கறாரு, வரச் சொல்றேனுங்க."

முன்னாள் ஊராட்சித் தலைவர் பாதிப் பந்தியில் எழுந்து வந்தார். அவர் கை கழுவிக் கொப்பளிக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. "வணக்கம் சார். சொல்லுங்க, நம்மால என்ன ஆவோணும்?" என்றார். மாஸ்டர் பக்கத்தில் மண்டி போடச் சொன்னேன்.

"வெள்ளை வேட்டிங்க சார்" என்றார்.

கலைச்செல்வி என் கையைப் பட்டனிலிருந்து தட்டிவிட்டார்.

"தலைவர் சாமி! ஸ்பீக்கர் போடுங்க. போட்டாச்சா? வெரி குட். இப்ப போனை மாஸ்டர் தலைமாட்டுல தரையில வைங்க. யாரும் கையில எடுக்கக் கூடாது. ராசாத்தி எங்க?"

"இங்கதானுங்க நிக்கறேன்."

"அவர் பக்கத்துல முட்டி போடுங்க. நெஞ்சு நடுவுல ஒரு கை, அதும்மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. நல்லா அமுத்துங்க, மேல எந்திரிக்க உடுங்க, மறுபடி அமுத்துங்க. வேகமா! சுத்தி நிக்கற எல்லாரும் என்கூடச் சத்தமா எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு!"

பந்தியே எண்ண ஆரம்பித்தது.

"கொழம்பு கருகுதுங்க!" என்று அந்தப் பழைய குரல் மறுபடி வந்தது.

"கருகட்டும் சாமி! எண்ணுறதை நிறுத்தினது யாரு?"

ராசாத்திக்கு மூச்சு வாங்கியதும், "அடுத்த ஆள் வாங்க. வரிசையா வாங்க, தள்ளக் கூடாது" என்றார். இரண்டு பேர் மாறிய பிறகு தலைவரைக் கூப்பிட்டார். வெள்ளை வேட்டி என்ன ஆனதோ, "சரிங்க மிஸ்" என்று அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது. மிஸ் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் போய் ஷாக் கொடுத்ததும் மாஸ்டருக்குத் துடிப்பு திரும்பியது.

3. ரெக்கார்டிங்

மாஸ்டர் பிழைத்துக்கொண்டார். விலா எலும்பு ஒன்று விரிசல் விட்டிருந்தது. அமுக்கும்போது அப்படி ஆவது உண்டு. உடம்பு தேறியதும் மனைவியோடு மையத்துக்கே வந்தார், ஒரு தூக்குப் போசி நிறைய நாட்டுக்கோழி வறுவலோடு. கலைச்செல்வியைக் கும்பிட்டுவிட்டு, "கொழம்பைக் கருக உட்டுட்டீங்களாமா? அந்தப் பக்கமெல்லாம் எம்பேரு கெட்டுப்போச்சுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். நாங்கள் வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே மன்னிப்புக் கேட்டோம்.

அவர் போன பிறகு அந்த அழைப்பின் ரெக்கார்டிங்கைத் தனியாகக் கேட்டேன். நான் பட்டனை அமுக்கியதிலிருந்து கலைச்செல்வி என் கையைத் தட்டிவிட்டது வரை ஐம்பது விநாடிக்கு மேல் இருந்தது. அதில் என் பெயர் இரண்டு முறை வருகிறது, பதவி இரண்டு முறை வருகிறது. எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆபீசர் குரல் கேட்டால் போனைப் பெரிய மனிதர் கையில் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. நாற்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரிலேயே இருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் முதல் பாடம், போனைத் தரையில் வைக்கச் சொல்வது.

புது பேட்ச் வந்தால் முதல் நாள் அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டுவேன். என் குரல் வந்ததும் சிரிப்பார்கள். "வெள்ளை வேட்டிங்க சார்" வரும்போது ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு நிறுத்திவிட்டுச் சொல்வேன்:

"இப்ப நீங்க சிரிச்ச நேரம் முழுக்க அந்த மனுஷனுக்கு மூச்சு இல்ல. ராசாத்தி பக்கத்துலயே சும்மா நின்னுட்டு இருந்தாங்க."