பெல்வார்தி மாளிகையின் இரண்டு மூக்குகள்

உபால்தோவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அவனுடைய மூக்குதான். சிபாரிசு, படிப்பு, ஒன்றும் கிடையாது. இத்தாலியில், மாந்துவா நகரத்து பெல்வார்தி மாளிகையில், மாடிப்படி ஏறும் இடத்துச் சுவரில், நானூறு வருஷத்துக்கு முன்பே ஒரு வாயில்காப்பானை வரைந்து வைத்திருக்கிறார்கள். கையில் சாவிக்கொத்து, முகத்தில் கத்திரிக்காய் போல வளைந்து தொங்கும் மூக்கு. நிஜ வாயில்காப்பானும் அதே ஜாடையில் அதன் கீழே நிற்க வேண்டும், விருந்தாளிகள் மாறி மாறிப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம். மாளிகைக்காரப் பிரபுவான பழைய மார்க்கேசே, இருபத்திரண்டு வயது உபால்தோவைப் பக்கவாட்டில் ஒரு தரம் பார்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டார்.

முப்பத்தெட்டு வருஷம் ஓடியது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு அறை, மதியம் சூப்பில் சிவப்பு ஒயினை ஊற்றி ஒரு கிண்ணம். வேறு போக்கிடம் அவனுக்குக் கிடையாது.

பழையவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த மகள் மார்க்கேசா ஒர்தென்சியா, சுவரோவியங்களைச் சுத்தம் செய்ய எர்சீலியா என்ற பெண்ணை வரவழைத்தாள். அவள் நனைத்த பஞ்சால் வாயில்காப்பானைத் துடைத்தாள். மூன்றாம் நாள் மூக்கு கரைந்தது. அடியில் இருந்தது சப்பை மூக்கு.

"இதுதான் அசல். பெரிய மூக்கு பிற்பாடு யாரோ மேல வரைஞ்சது," என்றாள் எர்சீலியா.

மார்க்கேசா யோசித்தாள். "வழக்கம்னு ஒண்ணு இருக்கு, உபால்தோ. இனிமே சப்பை மூக்குக்காரனாப் பாக்கணும். மாசக் கடைசிவரைக்கும் இருந்துக்கோ."

"என் மூக்கு என்னம்மா தப்புப் பண்ணுச்சு?"

"உன்மேல கோபமில்ல. சுவர் சொல்லுது."

உபால்தோ மூக்கறுபட்டவனாகப் பெட்டியைக் கட்டினான்.

எர்சீலியா ஏணியை எதிர்ச் சுவருக்கு மாற்றினாள். அங்கே, மாளிகையைக் கட்டிய முதல் மார்க்கேசே குதிரைமேல் இருக்கிறார். அவருக்குச் சப்பை மூக்கு. ஒர்தென்சியாவுக்கும் அச்சாக அதேதான், அதில் அவளுக்குப் பெருமை வேறு. பஞ்சு பட்டதும் சப்பை கரைந்து, உள்ளேயிருந்து கத்திரிக்காய் எட்டிப் பார்த்தது.

"யாரோ பேரன், தாத்தா மூக்க நினைச்சு வெக்கப்பட்டிருக்கான்," என்றாள் எர்சீலியா. "அவன் சொல்லி ஒரு ஓவியன் ரெண்டு பேர் மூக்கையும் மாத்திப் போட்டுட்டான்."

வாசல் மணி அடித்தது. உபால்தோ நகரவில்லை.

"நீங்கதானேம்மா போகணும்," என்றான். "சுவர் சொல்லுது."

மார்க்கேசா இந்தச் சுவரைப் பார்த்தாள், அந்தச் சுவரைப் பார்த்தாள். வழக்கத்தை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள்.

புதுத் தபால்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தாளை நீட்டினான். "மேல போய் மார்க்கேசேகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாம்மா. சீக்கிரம்."

தாளோடு திரும்பி வந்தவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "எர்சீலியா, நாளைக்குள்ள ரெண்டு மூக்கையும் பழையபடி வச்சிடு. உபால்தோ, பெட்டியப் பிரி."

"சரிம்மா," என்றான் உபால்தோ. தபால்காரன் கீழே காத்திருக்கிறானே என்று அவள் கையிலிருந்த தாளை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்: மார்க்கேசே பெல்வார்தி.